தையல் பிரித்த பிறகு



இந்தச் சொற்பொழிவு ஹற்றனில் நடக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், தோட்டத்துச் சனங்கள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்காமல் வந்து உட்காரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும் என்று அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் விரும்பினார்கள். அந்த விருப்பத்துக்குப் பொருத்தமான ஒன்றையே பேச வேண்டும் என்று நினைத்தேன். தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவர்களின் கோபமும் அழுகையும்தான் இன்றைய பொருள். ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பிவிட்டார்கள், தையலும் பிரித்தாயிற்று, நடக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார். மூன்றாம் மாதம் ஒருநாள், குழம்பில் உப்புக் குறைந்ததற்காகச் சோற்றுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிகிறார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் செய்தவர் அல்லர். வீடே திகைத்து நிற்கிறது. அந்த இடத்திலிருந்துதான் நான் தொடங்குகிறேன்.

நான் சொல்லும் மனிதர்கள் யாரும் ஒரே ஆள் அல்லர். மலைநாட்டு வைத்தியசாலைகளில் வேலை செய்த காலத்தில் பலரிடம் கண்டதை ஒருவராகச் சேர்த்துச் சொல்கிறேன். யாருடைய வீட்டு விஷயத்தையும் மேடையில் விரிக்க எனக்கு உரிமை இல்லை.

நமது பகுதியில் தலையில் அடிபடுவதற்குக் காரணம் தேடிப்போக வேண்டியதில்லை. மழைக் காலத்தில் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு செங்குத்தான மலையில் இறங்குகிறார்கள், கால் வழுக்குகிறது. குளவி கலைந்து துரத்தும்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடி, கானுக்குள் விழுகிறார்கள். காற்று மாதத்தில் மரக்கிளை முறிந்து மேலே விழுகிறது. பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லையில் பஸ்ஸும் வானும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பத்திரிகையில் இறந்தவர் தொகைக்கு அடுத்த வரியில் காயமடைந்தவர் தொகை வரும். வாசிக்கிற நாம் அந்த வரியில் நின்று யோசிப்பதில்லை. காயமடைந்தவர்களில் கால் முறிந்தவர் யார், தலையில் அடிபட்டவர் யார், ஒரு வருடம் கழித்து அவர் வீடு எப்படியிருக்கிறது என்று எந்தச் செய்தியிலும் வராது.

சம்பள நாள் இரவுச் சண்டையில் மண்டை உடைந்து வருபவர்களும் உண்டு. இன்னொரு கூட்டம் உண்டு, அவர்களைப் பற்றிச் சத்தமாகவே சொல்கிறேன்: வீட்டுக்குள் அடிபடும் பெண்கள். 'பீலிக்கரையில் வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்வார்கள். நாமும் அப்படியே எழுதிக்கொள்வோம். பிறகு அந்தப் பெண் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறாள், பிள்ளைகளை அடிக்கிறாள், திடீரென்று உட்கார்ந்து அழுகிறாள் என்றால், லயம் அவளுக்குப் 'பிடாரி' என்று பெயர் வைத்துவிடும். ஆணின் கோபத்துக்குக் கொடுக்கும் சலுகையில் பாதிகூட அவளுக்குக் கிடைக்காது.

லயத்தில் இந்த மாற்றத்துக்குச் சொல்லும் விளக்கங்களைக் கேட்டிருப்பீர்கள். 'குடிச்சிட்டு ஆடுறான்' என்பது ஒன்று. 'சும்மா உக்காந்து தின்னு திமிரு ஏறிப்போச்சு' என்பது இன்னொன்று. 'அந்த வளைவில விழுந்தான்ல, அங்க முனி அடிச்சிருச்சு' என்பது மற்றொன்று. படித்தவர்கள் முனியைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விளக்கங்களில் முனியின் விளக்கம் மட்டும்தான் 'இது அவன் குற்றம் இல்லை' என்று சொல்கிறது. மற்ற இரண்டும் அவனுடைய குணத்தைக் குறை சொல்கின்றன. கோடாங்கியிடம் போகும் குடும்பம் அடிபட்டவரோடு சேர்ந்து போகிறது. அவரைச் சுற்றி உட்காருகிறது. 'உனக்கு என்னவோ ஆகிவிட்டது' என்று ஒப்புக்கொள்கிறது. வைத்தியம் படித்த நாம் அந்த அளவுக்காவது செய்ய வேண்டாமா? கோடாங்கி வேப்பிலையால் அடிப்பதும், சங்கிலி போடச் சொல்வதும், அதனால் ஸ்கேன் எடுக்க வேண்டிய நாட்கள் வீணாவதும்தான் அங்கே நடக்கும் தீங்கு. தீங்கைத் தடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் பரிவை அதனோடு சேர்த்து உதறிவிடக் கூடாது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளை கெட்டியான பொருள் அன்று. சட்டியில் உறைந்த தயிரின் உறுதிதான் அதற்கு. வண்டி சட்டென்று நின்றால் சட்டி நின்றுவிடும், தயிர் நிற்காது. மண்டையோட்டின் மேற்கூரை உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். அடித்தளம் அப்படி இல்லை. கண்குழிகளுக்கு மேலேயும் பொட்டுக்கு உள்ளேயும் எலும்பு மேடும் விளிம்புமாகக் கரடுமுரடாக இருக்கும். தலை எந்தப் பக்கம் மோதினாலும் மூளை வழுக்கிப்போய் அந்த விளிம்புகளில் உராய்கிறது. ஆகையால் பின்மண்டையில் அடிபட்டு அங்கே தையல் போட்டவருக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலின் அடிப்பக்கமும் பொட்டுக்கு உள்ளே இருக்கும் பக்கமடலின் முனையும் கன்றிப்போயிருக்கலாம். தையல் பின்னால் இருக்கிறது, காயம் முன்னால் இருக்கிறது. 'பின்னாலதானே அடிபட்டிச்சு, ஆறிடுச்சே' என்று வீட்டார் சொல்வதில் ஆச்சரியம் இல்லை.

கன்றிப்போகும் இந்த இரண்டு இடங்களும் உணர்ச்சிக்கு மிக முக்கியமானவை. பக்கமடலின் உள்ளே வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து, அவமானம், மிரட்டல் இவற்றை நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே கண்டுகொண்டு உடம்பை உசுப்பிவிடும் இடங்களில் அது முதன்மையானது. முன்மடலின் அடிப்பக்கம் அதற்குப் பதில் சொல்லும் இடம்: 'இது மச்சான் கேலி பண்ணுகிறான், அவ்வளவுதான்', 'இது கண்டக்டர் ஐயா, கையை நீட்டாதே' என்று எடைபோட்டு நிறுத்தும் இடம். அந்த எடைபோடல் பலவீனமானால் கேலியும் மிரட்டலாகிவிடும். கோபம் வந்த கணத்துக்கும் கை ஓங்கிய கணத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி போய்விடுகிறது. அடித்து முடித்த பிறகு அவருக்கே நடுக்கம் வரும், மன்னிப்புக் கேட்பார், அழுவார். அந்த மன்னிப்பு நடிப்பு இல்லை. ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் அதுவே நடக்கும்.

சிடி ஸ்கேனில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் அது நன்றாகக் காட்டும். மூளை முறுக்குண்டபோது அறுந்த நுண்ணிய நரம்பிழைகளைப் பல நேரம் அது காட்டாது. ஆகவே சுத்தமான ஸ்கேன், 'இவன் நடிக்கிறான்' என்பதற்குச் சாட்சி ஆகாது.

தலைக்காயத்தை அளக்க உலகம் முழுவதும் ஒரு புள்ளிமுறை பயன்படுகிறது. 1974-ல் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவாக்கியது அது. கிளங்கன் போன்ற ஊர்ப்பெயர்களை நமக்கு விட்டுப்போன அதே நாடுதான். கண் திறப்பு, பேச்சு, கைகால் அசைவு என்று பார்த்து, குறைந்தது 3, கூடியது 15 புள்ளி போடுவார்கள். இந்த முறை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 15 புள்ளி வந்ததும் வார்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பொறுமைக்கோ நிதானத்துக்கோ அதில் புள்ளி இல்லை. அதற்காக அது செய்யப்படவும் இல்லை. பதினைந்துக்குப் பதினைந்து வாங்கி வீடு திரும்பிய ஒருவர், பத்து நிமிடம் பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்க முடியாதவராக இருக்க முடியும்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதை நமது தோட்டத்துக் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். பினியஸ் கேஜ் என்பவர் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் கூட்டத்தின் மேற்பார்வையாளர். நம் பேச்சில் சொன்னால் கங்காணி. வயது 25. 1848 செப்டம்பர் 13 அன்று வெடிமருந்து முன்கூட்டியே வெடித்து, ஒரு மீட்டருக்கும் நீளமான, ஏறக்குறைய ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. ஆள் பிழைத்தார். ஜோன் ஹார்லோ என்ற வைத்தியர் பார்த்தார்; இருபது ஆண்டு கழித்து 1868-ல் அந்த மாற்றங்களை விரிவாக எழுதினார். பழைய நிதானம் இல்லை, வாயில் கெட்ட வார்த்தை, யார் சொல்லும் காதில் ஏறாது; பழைய ஆளே இல்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். கூட்டத்தை நடத்துவதில் கெட்டிக்காரர் என்று புகழ்ந்த அதே முதலாளிகள் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்ளும். எனக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கேஜ் 1852-ல் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டு குதிரைவண்டி ஓட்டினார். ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டி. தினமும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும், குதிரைகளைக் கவனிக்க வேண்டும், ஒரே பாதையில் போக வேண்டும், பயணிகளிடம் நாலு வார்த்தை தன்மையாகப் பேச வேண்டும். அவர் வரலாற்றை ஆராய்ந்த மல்கம் மக்மிலன், அந்த ஒழுங்கான வேலையே அவரை ஓரளவு மீட்டிருக்க வேண்டும் என்று வாதிடுகிறார். கேஜ் 1860-ல் வலிப்பு வந்து இறந்தார். உலகம் அவரை 'குணம் கெட்டவன்' என்று நினைவு வைத்துக்கொண்டது. தினசரி ஒழுங்குள்ள ஒரு வேலை கிடைத்தபோது அந்த மனிதர் வருடக்கணக்கில் அதைச் செய்தார் என்பதை மறந்துவிட்டது. தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்கள் இங்கே இருந்தால் இந்தப் பகுதியை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

முதல் உலகப் போரில் தலையில் சுடப்பட்ட ஜெர்மன் சிப்பாய்களை பிராங்பேர்ட்டில் வைத்துப் பார்த்த குர்ட் கோல்ட்ஸ்டைன் இன்னொன்றைக் கவனித்தார். முன்பு சுலபமாகச் செய்த ஒரு கணக்கை இப்போது கொடுத்தால், முடியவில்லை என்று தெரியும் அந்தக் கணத்தில் நோயாளி கொந்தளித்துவிடுகிறார்: முகம் மாறுகிறது, கத்துகிறார், பொருளை எறிகிறார். அது குணக்கேடு இல்லை, தாங்க முடியாத திணறல். நம் ஊரில் இதை மடுவத்தில் பார்க்கலாம். கொழுந்து நிறுத்து எழுதுகிற இடம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், தராசு ஆடுகிறது, மழை வருகிறது. முன்பு அங்கே நின்று மனக்கணக்காகவே கிலோவைக் கூட்டியவர் இப்போது இரண்டாம் எண்ணிலேயே தடுமாறுகிறார். யாரோ 'என்னண்ணே, மறந்து போச்சா?' என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

காம்பராவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் ஐந்தாறு பேர். பக்கத்துக் காம்பராவின் டிவி சுவரைத் தாண்டி வருகிறது, தகரத்தில் மழை, அடுப்புப் புகை, இஸ்தோப்பில் விளையாடும் பிள்ளைகள். அடிபட்ட மூளைக்குத் தேவையான முதல் மருந்து அமைதியும் தூக்கமும். அவை இரண்டும் லயத்தில் கிடைப்பது கஷ்டம். இங்கே நோயின் ஒரு பங்கு மண்டைக்குள் இருக்கிறது, இன்னொரு பங்கு சுவர்களில் இருக்கிறது. 'அவரை அமைதியான அறையில் வைத்திருங்கள்' என்று எழுதிக் கொடுக்கும் வைத்தியர் ஒரு தடவையாவது லயத்துக்குள் போய் வர வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

இதுவரை கோபத்தைப் பேசினேன். அழுகையும் சிரிப்பும் வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு துக்க வீடு. தப்பு அடிக்கிறார்கள், பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். பக்கவாதம் வந்து தேறிய ஒருவரை இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். பிணம் எடுக்கும் நேரத்தில் அவர் சிரிக்கத் தொடங்குகிறார். மெல்லிய சிரிப்பு இல்லை. உடம்பு குலுங்கும் சிரிப்பு. நிறுத்த முயல்கிறார், வாயைப் பொத்துகிறார், முடியவில்லை. இறந்தவரின் தம்பி வந்து அறைந்துவிடுகிறார். பிறகு அவரிடம் கேட்டால், 'எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பே இல்லைங்கய்யா. நெஞ்சு வெடிக்கிற மாதிரித்தான் இருந்திச்சு. ஆனா முகம் சிரிக்கிது' என்பார்.

இந்த நிலை வைத்தியத்துக்குப் புதிதன்று. மனிதரும் விலங்கும் உணர்ச்சியைக் காட்டும் விதம் பற்றி 1872-ல் சார்ள்ஸ் டார்வின் எழுதிய நூலிலேயே, பக்கவாதம் போன்ற மூளை நோய்கள் எளிதில் அழவைக்கும் இயல்புடையவை என்ற குறிப்பு இருக்கிறது. 1924-ல் லண்டனில் கின்னியர் வில்சன் இந்த நோய்ச் சிரிப்பையும் அழுகையையும் தனியாக எடுத்து ஆராய்ந்தார். சிரிப்புக்கும் அழுகைக்கும் முகம், தொண்டை, மூச்சு மூன்றையும் ஒன்றாக ஓட்டும் ஏற்பாடு மூளைத்தண்டில் கீழே இருக்கிறது; மேலிருந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் பாதைகள் அறுந்தால் அது தானாக ஓடத் தொடங்குகிறது. பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் வேறு சில நரம்பு நோய்களிலும் இது வரும். சில விநாடி அல்லது சில நிமிடம் நீடிக்கும். யாராவது 'எப்படிண்ணே இருக்கீங்க?' என்று கேட்பதே போதும், கண்ணீர் கொட்டும். கொட்டி முடிந்ததும் சட்டென்று நிற்கும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வெகுளியை ஏழாவதாகவும் வைத்தது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படும், பார்ப்பவர் அதைக் கொண்டு உள்ளத்தை அறியலாம் என்பது அதன் அடிப்படை. நமது கூத்தும் கவிதையும், ஏன், தினசரிக் குடும்ப வாழ்க்கையுமே அந்த நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அடிபட்ட மூளையில் அந்த நம்பிக்கை உடைகிறது. முகம் சொல்வதை உள்ளம் சொல்லவில்லை. எங்கள் வார்டுகளில் நான் கண்ட தனிமைகளில் இதைவிடக் கொடியது ஒன்றில்லை: தன் முகத்தை வைத்தே எல்லோரும் தன்னைத் தவறாகப் படிக்கிறார்கள் என்று தெரிந்தும், திருத்திச் சொல்ல வாய் வராத தனிமை. பலர் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் வருவதில்லை. சில குடும்பங்கள் அவர்களைக் கூட்டிப்போவதற்கே வெட்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடங்காத சீற்றத்தை மூளைக்குள்ளேயே தேடிப்போன முயற்சிகளில் மிகப் பெரிய ஒன்று தமிழ் வைத்தியர்களுடையது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. அவருடன் வி. பாலசுப்ரமணியமும், ஆசியாவின் முன்னோடிப் பெண் நரம்பு அறுவை நிபுணரான டி. எஸ். கனகாவும் வேலை செய்தார்கள். ஜப்பானில் நராபயாஷி 1963-ல் வெளியிட்ட முறையின் வழியே, 1960-களில் அவர்கள் தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, சிறு துளை வழியே ஊசி செலுத்தி, அமிக்டலாவின் ஒரு பகுதியை அழிக்கும் அறுவையைச் செய்தார்கள். அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஓயாத ஓட்டமும் வன்முறையும் கொண்ட நோயாளிகள். மூளைக்காய்ச்சலும் வலிப்பும் கண்டவர்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 1988-ல் ராமமூர்த்தி அந்த அனுபவத்தைத் தொகுத்து எழுதியபோது அமிக்டலா அறுவைகளின் தொகை நானூறைத் தாண்டியிருந்தது.

அந்த வைத்தியர்களின் கைத்திறனையும், வேறு எந்த வழியும் இல்லாமல் பிள்ளையைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த பெற்றோருக்கு அவர்கள் காட்டிய இரக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு மனிதரின் கோபத்தை நிறுத்த அவருடைய மூளையின் ஒரு பகுதியை எரிப்பதற்கு யார் சம்மதம் கொடுப்பது என்ற கேள்வி என்னை விட்டுப் போவதில்லை. அந்தக் கேள்வியும், பிறகு வந்த மருந்துகளும் சேர்ந்து அந்த அறுவையை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டன. இன்று தலைக்காயத்துக்குப் பின் வரும் கோபத்துக்கு யாரும் முதலில் கத்தியை நினைப்பதில்லை.

இப்போது என்ன செய்யலாம்? அடக்க முடியாத அழுகைக்கும் சிரிப்புக்கும், மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. சிறிய அளவே போதும், சிலருக்குச் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். இந்த நிலைக்கென்றே டெக்ஸ்ட்ரோமெத்தோர்பனும் குயினிடினும் சேர்ந்த ஒரு மருந்துக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி கொடுத்தது. கோபத்துக்கு, பிரஷருக்குக் கொடுக்கும் புரோப்ரனோலோல் சிலருக்கு உதவுகிறது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது; வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். சில தூக்க மாத்திரைகள் இருக்கிற கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும். பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். கசிப்பும் சாராயமும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அடிபட்ட மூளை குடியைத் தாங்காது, வலிப்பையும் வரவழைக்கும். 'முன்னாடி குடிச்ச அளவுதானே' என்ற கணக்கு இனிச் செல்லாது.

வீட்டில் செய்வது மருந்தைவிட முக்கியம். கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பசி, களைப்பு, சத்தம், ஒரே நேரத்தில் பலர் பேசுவது. வேலை முடிந்து வந்த உடனே கடன் கணக்கைப் பேசாதீர்கள். வெடிக்கும்போது நியாயம் பேசாதீர்கள். அந்த நேரம் நியாயம் உள்ளே போகாது. குரலைத் தாழ்த்தி, இரண்டடி தள்ளி நின்று, பிள்ளைகளை வெளியே அனுப்பி, அடங்க விடுங்கள். அடங்கிய பிறகு அக்கம்பக்கத்தாரை வைத்துக்கொண்டு அதைத் திரும்பச் சொல்லிக் காட்டாதீர்கள். அழுகை வந்தால் கட்டிப்பிடித்து 'என்னத்துக்கு அழுறீங்க?' என்று தோண்டினால் அது இன்னும் நீளும். பேச்சை மாற்றுங்கள், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லுங்கள், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் கொடுங்கள்.

இதில் ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தலையில் சின்ன அடி, முக்கியமாக வயதானவருக்கோ குடிக்கிறவருக்கோ, பட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் புதிதாகக் குணம் மாறுகிறது, தலைவலி, தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி என்றால், மண்டைக்குள் ரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கலாம். அது அறுவையால் குணமாகும், தாமதித்தால் கொல்லும். தோட்ட டிஸ்பென்சரியில் பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் பதில் இல்லாமல், பிறகு நடந்தது எதுவும் ஞாபகம் இல்லாமல் வரும் ஆவேசம் வலிப்பாக இருக்கலாம். அதையும் வைத்தியரிடம் அப்படியே விவரியுங்கள்.

இந்த இடத்தில் பெண்களிடம் நேராகப் பேசுகிறேன். கணவரின் கோபம் காயத்தால் வந்தது என்று தெரிந்துகொள்வது, அந்தக் கோபத்தின் அடியை வாங்கிக்கொண்டு இருக்கச் சொல்வதல்ல. உங்கள் கை முறிந்தால் அதற்குக் காரணம் அவருடைய மூளைக்காயம்தான் என்பதால் வலி குறையாது. போக ஒரு வீடு, தொங்கல் காம்பரா அக்காவோ அம்மா வீடோ, முன்கூட்டியே பேசி வையுங்கள். கத்தி, மம்பட்டி, மண்ணெண்ணெய் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் உரியது. 'பாவம், அடிபட்ட மனுசன், பொறுத்துக்கோ' என்று சொல்லும் மாமியாரும் தலைவரும், ஒரு இரவு அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முன்வர வேண்டும். பொறுமையை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயம் இல்லை.

கடைசியாகத் தாள்களைப் பற்றி. 1934-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு உரிமை கேட்கலாம். விரலோ காலோ போனால் கண்ணுக்குத் தெரியும். பொறுமை போனது தெரியாது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உடல் குறையோடு மனத்திறன் குறையையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் இரண்டுக்குமே ஒரு வைத்தியர் எழுதித்தர வேண்டும், அந்த எழுத்துக்கு அடிபட்ட நாளிலிருந்து ஒரு தொடர்ச்சி வேண்டும். வார்டிலிருந்து கொடுக்கும் துண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம், கொடுத்தால், சிங்களத்தில் கிடைக்கிறது. தமிழும் அரச கரும மொழியாகி முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த உரிமை ஒரு நோயாளியின் கட்டிலருகே வந்து சேர இன்னும் எத்தனை காலம் பொறுக்க வேண்டும்? வேலைக்குத் திரும்பும்போது, முதல் மாதங்களில் அரை நாள், ஒரே மலை, ஒரே கங்காணி, கத்தியும் உயரமும் இல்லாத வேலை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நிர்வாகமும் அதைப் பார்த்து நடக்க முடியும்.

ஆகவே ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதி வந்திருக்கிறேன். தலைக்காயத்தோடு வார்டை விட்டுப் போகும் ஒவ்வொருவரின் வீட்டாருக்கும், வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டிக் கொடுக்க வேண்டிய தாள். அதில் இருப்பது இவ்வளவுதான்: 'இவருக்கு மூளையில் அடிபட்டிருக்கிறது. வரும் மாதங்களில் காரணம் இல்லாமல் கோபப்படலாம், அழலாம், சிரிக்கலாம். அது காயத்தால் வருவது. குடிக்கக் கூடாது. நன்றாகத் தூங்க வேண்டும். தலைவலி கூடினால், தூக்கம் கூடினால், வலிப்பு வந்தால் உடனே கொண்டு வாருங்கள். வீட்டில் யாரையாவது அடித்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். இந்தத் தாளை வேலைத்தலத்திலும் காட்டலாம்.' கீழே நோயாளியின் பெயர், அடிபட்ட திகதி, அடுத்த கிளினிக் திகதி, வைத்தியரின் கையெழுத்து.

டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் வேலை செய்யும் வைத்தியர்களும் தாதியரும் சிலர் இங்கே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் தாளைப் பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்தித் தாருங்கள். தோட்டத்து மிட்வைப் அம்மாமார் மொழியைச் சரிபாருங்கள். உங்களுக்குத்தான் எந்தச் சொல் லயத்தில் புரியும் என்று தெரியும். முதல் அச்சுச் செலவை இந்த அறக்கட்டளை ஏற்க முடியுமா என்று அறங்காவலர்களிடம் கேட்டிருக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரவிருக்கும் தொகையை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.